ஆறாவது மஞ்சள்

பதினேழாம் எண் சட்டையை நான்
வெந்நீரில் போட்டிருக்க வேண்டும்.
சுருங்கியிருக்கும்.
தலைக்கு மேல் பாதி ஏறி அங்கேயே சிக்கியிருக்கும்.
நாங்கள் கோப்பைக்குப் போயிருப்போம்.

என் பெயர் மாலினேயோ. மசேருவில்
தேசிய அணிக்குத் துணி துவைக்கிறேன்.
இருபத்து மூன்று சட்டை, அத்தனை கால்சட்டை,
நாற்பத்தாறு காலுறை.
திரும்பி வருவது எப்போதும் நாற்பத்தைந்துதான்.

எங்கள் மைதானத்தில் வெளிச்சம் போதாதாம்,
உடை மாற்றும் அறையில் குழாய் போதாதாம்.
யாரோ வந்து அளந்து எழுதிப் போனார்கள்.
அதனால் சொந்த மண் ஆட்டத்துக்கும்
பாலம் தாண்டி அடுத்த நாட்டுக்குப் போகிறோம்.
முத்திரை குத்துகிறவன் கேட்பான்: எதற்குப் பயணம்?
சொந்த மண்ணில் ஆட.
சிரிக்க மாட்டான். குத்துவான். அடுத்த ஆள்.

மூன்றாவது ஆட்டத்தில் மழை.
எண்பதாவது நிமிடம் இறங்கினான் மொகேட்டே,
ஜீன்ஸ் தொழிற்சாலையில் ஜிப் தைக்கிறவன்,
அந்த வாரத்து இரவு ஷிப்டை
மச்சானிடம் கெஞ்சி மாற்றிக்கொண்டு வந்தவன்.
எண்பத்தொன்பதில் பந்து அவன் முழங்காலில் பட்டு
உள்ளே போனது.
எங்கே போனது என்று அவனுக்கே தெரியவில்லை.
வலை அசைந்த பிறகுதான் ஓடினான்.
ஓடும்போதே சட்டை கையில்.
உள்ளே எழுத்து ஒன்றும் இல்லை,
யாருடைய படமும் இல்லை.
வெறும் மார்பு, அதில் மழை.

நடுவர் அட்டையை எடுத்தார். மஞ்சள்.
யார் பார்த்தோம்?
நான் பார்த்தது, சட்டை விழுந்த இடத்துச் சேற்றை.

பிறகு ஒரு வெற்றி, இரண்டு தோல்வி.
கடைசி இரவு இரண்டாம் இடத்துக்கு இரண்டு அணிகள்.
எங்களுக்கு எட்டுப் புள்ளி. அவர்களுக்கும் எட்டு.
நேருக்கு நேர் இரண்டு முறையும் ஒன்றுக்கு ஒன்று.
போட்ட கோல் ஐந்து, வாங்கியது ஆறு,
அவர்களும் அப்படியே,
ஒரே பேனாவால் எழுதினது போல.
மேலாளர் பேருந்தில் விதிப்புத்தகத்தைப்
பின்னாலிருந்து புரட்டினார்.
சீட்டுக் குலுக்குவார்கள் என்றான் ஓட்டுநர்.
அதற்கு முன்னால் ஒரு வரி இருக்கிறது என்றார் மேலாளர்.
அப்புறம் எண்ணத் தொடங்கினார், விரல் விட்டு.

அவர்களுக்கு ஐந்து மஞ்சள்.
எங்களுக்கு ஆறு.

காலைத் தட்டியது மூன்று, பிடித்து இழுத்தது ஒன்று,
வாய் கொடுத்தது ஒன்று. தலைவன் அப்படித்தான்.
ஆறாவது,
மகிழ்ந்தது.

பேருந்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
திரும்பாமல் இருப்பதும் அவனுக்குக் கேட்டிருக்கும்.
அந்தக் கோல் இல்லாவிட்டால் எட்டு எங்கே,
எண்ணுகிற பேச்சே எங்கே
என்று நான் சொல்ல வாயெடுத்தேன்.
எல்லைக் காவல் வந்துவிட்டது.
கடவுச்சீட்டைத் தேடினோம்.

புல் கறைக்கு வினிகர் இருக்கிறது.
ரத்தத்துக்குக் குளிர்ந்த நீரும் உப்பும்.
செம்மண்ணுக்குப் பொறுமை.

மூன்றாம் நாள் என் முற்றத்துக்கு வந்தான்.
அந்தச் சட்டையைத் தர முடியுமா என்றான்.
முடியாது, சங்கத்துச் சொத்து,
இருபத்து மூன்றும் எண்ணி ஒப்படைக்கணும்.
சரி என்று வாளியின் மறுபக்கம் உட்கார்ந்து
ஒரு முனையைப் பிடித்தான், நான் மறுமுனை.
முறுக்கினோம். நன்றாகத்தான் பிழிந்தான்.
தொழிற்சாலையில் என்ன சொல்கிறார்கள்?
ஜிப்பை மேல்வரை போடு என்கிறார்கள்.
அவனே முதலில் சிரித்தான்.
நான் கொஞ்சம் தாமதமாக.

அன்று இரவு ஜூன் மாதத்து உறைபனி.
காலையில் கொடியில் எல்லாம் பலகையாய்க் கிடந்தன.
பதினேழு மட்டும்
நான் தொங்கவிட்ட கோணலில் உறைந்து,
இரண்டு கையும் மேலே தூக்கி,
உள்ளே ஆளில்லாமல்.

வெயில் வந்து இறக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.
ஒன்பதரை ஆயிற்று.