பதினேழாம் அறை

ஃபோக்ஸ்டன் முதியோர் இல்லத்தில்
பதினேழாம் அறைக்காரர் அலெக் விட்கோம்ப்.
தொண்ணூற்றேழு வயது. இடது காது போய்விட்டது.
வலது காதால் ஆகாயத்தைக் கேட்கிறார்.

இரவு வேலைக்கு நான் வந்ததும்
முதற் சொல்: யன்னலைத் திற.
பனி கொட்டினாலும் ஒரு சாண் திறந்திருக்க வேண்டும்.
கடலுக்கு மேலே ஏதும் உறுமினால்
"இரட்டை எஞ்சின்" என்பார், கண் திறவாமல்.
அநேகமாகச் சரியாய்த்தான் இருக்கும்.
எனக்கும் தெரியும். சொல்வதில்லை.

தலையணைக்கடியில் நீல அட்டைப் பறப்புப் பதிவேடு.
இருபத்திரண்டு வயதின் சாய்ந்த கையெழுத்து,
திகதி, விமானம், நேரம், குறிப்பு:
"மேகம். ஒன்றும் காணவில்லை."
"டென்ஹாம் திரும்பவில்லை."
"லிசியூ அருகே ரயில். குதிரைகள்."
அந்தக் கடைசிச் சொல்லின் கீழே
பின்னொரு நாள், வேறு மையில், ஒரு கோடு.
சில இரவுகளில் மூன்று மணிக்கு
அந்தச் சொல்லைச் சொல்லியபடி எழுந்து உட்காருவார்.
ஈர உடுப்பை மாற்றி முதுகைத் தடவிவிடுவேன்.
இந்த முதுகு
எப்படி ஒரு விமானத்தை நிமிர்த்தியதோ.

ஆகஸ்டில் விமானக் காட்சி.
சக்கர நாற்காலிகளைப் புல்வெளிக்குத் தள்ளிவந்தோம்.
தொப்பி, வெயிற்களிம்பு, கையில் சின்னக் கொடி.
பழைய ஸ்பிட்ஃபயர் ஒன்று
துறைமுகத்தைச் சுற்றித் தாழ்ந்து வந்தது.
எல்லோரும் கைதட்டினார்கள்.
என் கால்கள்
சமையலறை நிலவறைக்கு எத்தனை எட்டு என்று
எண்ணி முடித்திருந்தன. பதினொன்று.
தட்டில் கோப்பைகள் கிடுகிடுத்தன.

அவர் விமானத்தைப் பார்க்கவில்லை.
மடியில் கிடந்த வலக்கை
இல்லாத பிடியொன்றை இடப்பக்கம் சாய்த்திருக்க
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு, யன்னலைத் திறந்துவிட்டுத் திரும்பினேன்.
"நீ எங்கே இருந்தாய்?"
ஊரைக் கேட்கவில்லை என்று விளங்கியது.
"கீழே" என்றேன்.
"பதுங்குகுழியில். முழங்கால் மட்டும் மழைத்தண்ணீர்.
மூட மரம் கிடைக்கவில்லை.
அண்ணாந்தால் அதன் வயிறு தெரியும்."

எந்த எஞ்சின் என்று கேட்பார் என நினைத்தேன்.
கேட்கவில்லை.
நெடுநேரம் கழித்து,
"ஓட்டியவனின் முகம்?"
"தெரியாது."
"எனக்குத் தெரிந்தது," என்றார்,
"ஒரு குதிரையினது."

பிறகு யன்னலை மூடச் சொன்னார்.
எத்தனை வருடம் திறந்தே கிடந்ததோ
கொண்டி கறள்பிடித்து இறுகியிருந்தது.
இரண்டு கையாலும் இழுத்தேன்.