கடற்சிங்கத்தின் கடை

வால்டிவியா ஆற்றங்கரை மீன்சந்தையில்
புதிதாக ஒரு வெண்கலக் கடை.
கல்லாவில் கடற்சிங்கம், ஏப்ரன் கட்டிக்கொண்டு.
தராசுத் தட்டில்
டை கலையாமல் குப்புறக் கிடக்கிறான்
முழ நீள மனிதன்.

"கிலோ என்ன விலை?"
மீசையைப் பிடித்து இழுக்கிறார்கள் பிள்ளைகள்.

எதிர்க்கடை ஒத்திலியா மட்டும் சிரிக்கவில்லை.
"முள்ளு மூணு கிலோவில நிக்குது பாருங்க.
இந்த ஆளு ரெண்டரை கூடத் தேறமாட்டான்.
களவாணிக் கடை!"

மழை.
படித்துறையில் ஏறி வருகிறது நிஜமானது,
நனைந்த சோபாவைப் போல.
வெண்கலத்தை ஒருமுறை மோந்து
தும்மிவிட்டு
ஒத்திலியாவின் பலகைக்கடியில் சரிகிறது.

அவள் நிறுக்கிறாள்.
வாடிக்கையாளர் குடையை மடக்கும் நேரம்
தட்டின் ஓரத்தில் அவள் கட்டைவிரல்.

கீழேயிருந்து அது
விரலையே பார்க்கிறது.

அவசரமாக விழுகிறது
ஒரு மீன்தலை.