ஆறாவது அறை

ஓவன் ரோட்டுக் கடைவீட்டில்
பொய்க்கூரையை இடித்தபோது விழுந்தது.
இடித்தவர் ஷொஃபிகுல். குல்னாக்காரர்.
ஆணி போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து
அதில் இதைப் போட்டு மூடி
போலீஸுக்குத் தானே போன் செய்தார்.
ஏன் தொட்டாய் என்று
மூன்று மணி நேரம் கேட்டார்களாம்.

என் மேசைக்கு வந்தபோது டின்மேல் ஒட்டிய சீட்டில்
ஒரே வரி:
பழைய ரிவால்வர், முப்பத்தெட்டு, காலி.

காலி என்பது சரி.
முப்பத்தெட்டில்தான் வில்லங்கம்.

தேக்காவில் ரவிக்கை தைக்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள்,
தையல்காரருக்கு ஒரு முப்பத்தெட்டு.
தோட்டாவிலும் அப்படித்தான்.
பிரிட்டிஷ்காரனின் குட்டை முப்பத்தெட்டு,
இடுப்பு மயிரிழை பருமன்.
அமெரிக்கனின் நெட்டை முப்பத்தெட்டு,
மயிரிழை ஒல்லி.
முனையில் இருக்கும் ஈயத்தை அளந்தால்
ஒன்று முப்பத்தாறு சொச்சம்,
மற்றது முப்பத்தைந்தே முக்காலுக்குக் கிட்டே.
பெயர் வைத்தவன் எதை அளந்தானோ!

மாதிரித் தோட்டாக்கள் பூட்டிய இழுப்பறையில்.
மருந்து கிடையாது, விலாவில் துளை போட்டவை,
என்றாலும் எடுக்க இரண்டு கையெழுத்து.
சார்ஜண்ட் நூர்ஹயாத்தி
கோப்பியை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து
இரண்டாவதைப் போட்டாள்.

குட்டையை முதல் அறையில் இட்டேன். உட்கார்ந்தது.
படிவத்தில் எழுதப் பேனாவைத் திறந்துவிட்டேன்.
சும்மா, பழக்கதோஷத்தில்,
நெட்டையையும் இட்டுப் பார்த்தேன்.

போனது.
விளிம்புவரை, சத்தமே இல்லாமல்.

போகக் கூடாது.
உள்ளே ஒரு படி இருக்க வேண்டும்,
நெட்டையைப் பாதியிலேயே தடுக்கிற எஃகுப் படி.

வெந்நீர்ச் சூட்டிலேயே உருகும் உலோகம் ஒன்று இருக்கிறது.
ஆறு அறைகளிலும் வார்த்தேன்.
மழை வந்து ஜன்னலை அடித்துவிட்டுப் போகும் நேரம்
காத்திருந்து,
மரக்குச்சியால் தள்ளி எடுத்தேன்.
துணிமேல் வரிசையாக
யாரும் சுடாத ஆறு வெள்ளி உடம்புகள்.

ஐந்தில் படி இல்லை.
படி இருக்க வேண்டிய இடத்தில்
திருகுத் திருகாய்க் கீறல்கள்,
மையம் விலகி, கை நடுங்கி, மறுபடி பிடித்து,
மூன்றாவதில் ஒரே இடத்தில் இரண்டு தடவை.
தொழிற்சாலை வேலை இல்லை. இடுக்கியில் பிடித்து
யாரோ கையால் குடைந்திருக்கிறார்.
குட்டை தீர்ந்திருக்கும்.
எங்கிருந்தோ ஒரு பெட்டி நெட்டை வருவதாக
யாரோ சொல்லியிருப்பார்கள்.
(குடைந்த அறையில் நெட்டை கொஞ்சம் ஆடும்.
சுட்டால் அடிவயிறு உப்பும், சில சமயம் வெடிக்கும்.
அது அவருக்குத் தெரியுமா தெரியாது.)

ஆறாவது மட்டும்
வார்த்த நாளில் போலக் கூர்மையான படியோடு.

குடையும் கருவி முறிந்ததா,
கதவை யாராவது தட்டினார்களா,
அல்லது குட்டை ஒன்றே ஒன்று மிச்சமிருந்து
அதற்கென்று ஓர் அறையை விட்டுவைத்தாரா?

பஞ்சுக்குச்சியை ஒவ்வொன்றிலும் விட்டுச் சுழற்றினேன்.
ஐந்திலும் துரு. எண்ணெய். உலோகத் தூள்.
குடைந்தபின் அவற்றில் எதுவும் வெடிக்கவில்லை.
ஆறாவதில்
பஞ்சு கறுத்தது.

பொருத்தமான தோட்டா எது என்ற கட்டம்
என் சுண்டுவிரல் நீளம்.
ஒன்று முதல் ஐந்து வரை, ஆறு, என்று
இரண்டு வரியைப் பொடியாக எழுதினேன்.
மிஸ்டர் தியோ திருப்பி அனுப்பினார்:
ஒரு துப்பாக்கி, ஒரு பதில்.
மறுபடி அதையே எழுதினேன், இன்னும் பொடியாக.

கீழே வரவேற்பறையில் ஷொஃபிகுல்,
வாக்குமூலத்தில் கையெழுத்திட வந்தவர்.
எதுவும் கேட்கமாட்டார் என்றுதான் நினைத்தேன்.
எழுந்து நின்று கேட்டார்,
அந்த டின் தன்னுடையது,
எப்போது கிடைக்கும்?

இப்போதைக்கு அதுவும் சான்றுப்பொருள் என்றேன்.
தலையாட்டினார்.
சட்டைப்பையில் ஆணிகள் குலுங்கின.