ஐந்து குமிழ்

ஊர்காவற்றுறைக் கரையில்
நாலு பனங்குற்றி மேல் ஏற்றிவைத்திருக்கிறோம்.
இருபத்தெட்டு அடி, கூரை போட்ட வள்ளம்.
ஒழுகாது என்று அந்தோனியார் மேல்
சத்தியம் பண்ணி விற்றான்.
மூன்றாம் மழையில்
அந்தோனியாரும் நனைந்துபோனார்.

மாரி ஈரத்தில் ரெசின் இறுகாது.
தொட்டால் பனம்பாணிபோல் நூலிழுக்கும்.
முதலில் சிரட்டைக்கரித் தணலைத்
தாச்சியில் உள்ளே வைத்தோம்.
பலகை வியர்த்தது, முனகியது,
பழைய சூடை நாற்றத்தைக் கக்கியது.
தணலைத் தூக்கி வெளியே கொட்டிய பிறகுதான்
எமிலியான் டின்னைத் திறந்தான்;
இல்லாவிட்டால் வள்ளத்தோடு நாங்களும் வாணம்.

பிறகு ஜெசிந்தா வீட்டிலிருந்து வயர்,
நூறு வாட் குமிழ் ஐந்து.
கோழிக்குஞ்சுப் பெட்டிபோல்
மஞ்சளாய் வெக்கை பிடித்தது உள்.
அவளுடைய மீற்றர் ஓடுவது
எனக்கு இங்கே கேட்கிறது.

படுக்கப் பலகை இந்தப் பக்கம்,
அடுப்பு அணியத்தோடு, ஆடாமல்.
யன்னல் வேண்டும் என்றேன்.
"கடலுக்கு வாசல் வெட்டவோ?" என்றான்.
யன்னல் இல்லை.
ஒரு கொளுக்கி மட்டும் வென்றேன்,
என் சீலைக்கு.

சூட்டில் நீலப் பெயின்ற் பொருக்குவிட்டது.
கீழே பச்சை. பச்சைக்கும் கீழே
தச்சுப் பென்சிலில் யாரோ:
டீசல் நாற்பது. ஐஸ் ஆறு.
சவரிமுத்து பாக்கி தரவில்லை.
தரவில்லை என்பதன் கீழ் இரண்டு கோடு.

எமிலியான் தேத்தண்ணி வாங்கப் போயிருக்கிறான்.
அந்தக் கோட்டுக்குக் கீழே எழுதுகிறேன்:
காப்பு இரண்டு, அடகில்.
வங்கிக்கு முப்பத்தாறு மாதம்.
கொளுக்கி ஒன்று.

அவன் வருவதற்குள் பூசிவிடவேண்டும்.
மழை கூரையில் பிடிவாதமாய் நிற்கிறது.
மூலையில் விரல் வைத்துப் பார்க்கிறேன்.
இன்னும் கொஞ்சம் ஒட்டுகிறது.