தெருவில் உடுத்த முடியாதவை

களியக்காவிளைச் சந்தை விலக்கில்
மாடியில் இருக்கிறார் ஆடிட்டர் தாசையன்.
கீழே கோழித்தீவனக் கடை.
படியேறும்போதே தும்மல் வரும்.

பங்குனிக் கொடைகள் முடிந்த ஒரு சனிக்கிழமை
எங்கள் மெல்லிசைக் குழுவின் பில்களை
பிஸ்கட் டப்பாவோடு அவர் மேசையில் கவிழ்த்தேன்.
வேன் டீசல், சரி.
ஸ்பீக்கர் வாடகை, சரி.
பாறசாலையில் தைத்த நீலக் கோட்டு,
இரண்டாயிரத்து எண்ணூறு.
பேனா அங்கே நின்றது.

"இதப் போட்டுட்டு
கல்யாணத்துக்குப் போலாமா ஓய்?"
போகலாம்.
"அப்பம் இது துணி.
உம்ம உடம்புக்கு நீர் வாங்குன துணி.
தெருவுல உடுக்க முடியாததுதான்
தொழில் செலவு."

சட்டத்தில் அப்படி இருக்கிறதா
அவரே யோசித்துச் சொன்னாரா, தெரியாது.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னால்
எதுவும் சட்டம்போலத்தான் கேட்கும்.
மாட்டிக்கொண்டு சோதனைச்சாவடிவரை
நடந்துவிட்டு வரச் சொன்னார்.
எவனாவது திரும்பிப் பார்த்தால்
எழுதிக்கொள்வாராம்.

நடந்தேன்.
ஏத்தங்காய் சிப்ஸ் வறுப்பவன் எண்ணெயைப் பார்த்தான்.
திருவனந்தபுரம் பஸ் கண்டக்டர்
"கேறு, கேறு" என்று முதுகில் தட்டினார்.
கோழி லாரியை மடக்கிக்கொண்டிருந்த போலீஸ்காரர்
டாக்ஸி டிரைவரென்று நினைத்து
வண்டியை எடுக்கச் சொன்னார்.
மீன்காரி மட்டும் நிமிர்ந்தாள்.
மணி கேட்டாள்.

எல்லை ஊரில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை.
அவரவருக்கு
அந்தப் பக்கம் போகவேண்டியிருக்கிறது.

டெய்லர் சுகுமாரனிடம் திரும்பப் போய்
தோளில் கண்ணாடிச் சில்லு வைத்தேன்.
போதாது என்றார் தாசையன்.
கைநெடுகக் குஞ்சம்.
போதாது.
கடைசியில் முதுகில் ஜிகினா மயில்,
மார்பில் மஞ்சள் பல்ப் வரிசை,
பாக்கெட்டில் பேட்டரி.
அன்றைக்கு நாய்கள்
ரப்பர் ஷீட் கடைவரை துரத்தின.
பள்ளி விட்ட பிள்ளைகள்
சப்பரம் வருவதுபோல் பின்னால் வந்தன.
மாடி ஜன்னலில் நின்றே
தாசையன் டிக் போட்டார்.

வரியில் மிச்சமானது
ஜிகினாவுக்கே காணாது.
ஆனாலும் சோகப்பாட்டின் நடுவிலும்
நெஞ்சு விட்டுவிட்டு எரிந்ததில்
கமிட்டிக்காரர்களுக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்த வருஷம் லில்லிபாயும் ஒரு பில் கொண்டுவந்தார்.
மாந்தளிர் நிறத்தில் பட்டுச்சேலை, ஆறாயிரம்.
தாசையன் அதைத் தொடவேயில்லை.
"சேலையாக்கும். யாரும் உடுக்கலாம்."

லில்லிபாய் நாற்காலியை
மேசைக்குப் பக்கமாக இழுத்துக்கொண்டார்.
"வீட்ல நான் நைட்டிதான் சார்.
ரப்பர் வெட்டப் போவும்போ அவருக்க பழைய சட்டை.
சர்ச்சுக்கு வெள்ளை.
இது மேடைக்கு மட்டும்.
ராத்திரி பதினொன்றரைக்கு
ஆயிரம் ஆம்பிளயளுக்கு முன்ன
நைட்டியோட நிக்க முடியுமா?
ஒரு விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் எடையில
இழுத்துச் சொருவ முந்தி வேணும்.
குடும்பக்காரின்னு தெரியணும்.
எனக்கு இதுதான் வேஷம்."

கீழே மூட்டை இறக்கும் சத்தம்.
தாசையன் இரண்டு தடவை தும்மினார்.
பென்சிலால் ஏதோ எழுதி, அழித்தார்.
"ஒரு வரி ஜிகினா வச்சுத் தச்சிரும்மா.
நான் எழுதிருகேன்."

"வச்சா அது வேற சேலை சார்.
அதுக்கு வேற விசில்."

பில்லை நாலாக மடித்து
பாட்டு நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று இரவு நெய்யாற்றின்கரையில் கச்சேரி.
என் கோட்டு தனி சீட்டில் வந்தது.
நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு
லில்லிபாய் பின்சீட்டில் தூங்கினார்.
சாவடியில் டார்ச் அடித்தவர்
மயிலைப் பார்த்துச் சிரித்து
போ போ என்றார்.

எல்லை தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில்
டீ குடிக்க நிறுத்தினோம்.
கழிப்பறைப் பக்கமிருந்து
ஒரு பெண் நடந்து வந்தார்.
மாந்தளிர் சேலை, ஒற்றைச் சரம் பூ,
தரையைப் பார்த்த நடை.

வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்,
யாரோ என்று.