இஸ்திரிப் பலகை நின்ற இடம்

எழுபது யூரோ, அதற்குமேல் ஒரு சல்லி கிடையாது என்று
கையுறைக்குள் மடித்து வைத்துக்கொண்டு
ரீகாவின் பழஞ்சந்தைக்குப் போனேன்
மார்ச் மாதச் சேற்றுப் பனியில்.

ஸிக்மார்ஸின் கடை, படுக்கப் போட்ட ஒரு பழைய கதவு.
கைப்பிடி இன்னும் இருந்தது.
அதன்மேல் ஆம்பிளிஃபயர். இருபது.
"இடப்பக்கம் செத்துப்போச்சு, அதான் இந்த விலை."
பக்கத்துச் சாவிக்கடையின் இரவல் மின்சாரத்தில்
ஒலிக் குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்
நாற்பது தடவை திருப்பினேன்.
உள்ளே படிந்த அழுக்கு கரகரத்து விலக
இடப்பக்கம் இருமிக்கொண்டு எழுந்தது.
அவன் முகம் போன போக்கில்
பதினெட்டுக்குக் கேட்க மனம் வரவில்லை.

ஸ்பீக்கர் ஜோடி முப்பது.
கூம்பைச் சுற்றிய நுரை
தொட்டதும் காய்ந்த ரொட்டியாக உதிர்ந்தது.
கூம்பு மட்டும்
உரசாமல் உள்ளே போய் வெளியே வந்தது.
அது போதும்.
நுரை வளையம் தபாலில் வரும், பசையோடு பதினான்கு.
யாருக்கும் வேண்டாத சிடி பிளேயர் நான்கு:
தட்டு வெளியே வர
தலையில் ஒரு தட்டு வேண்டும், அவ்வளவுதான்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
டாக்ஸிக்காரன் பன்னிரண்டு கேட்டான்.
நான் ஓட்டுவதே டிராலிபஸ்.
விடுமுறை நாளில் பயணியாய் ஏறி
பெட்டிக்கு ஓர் இருக்கை கொடுத்து
நான் நின்றுகொண்டு வந்தேன்.
அன்று ஓட்டியவள் ஸ்கைட்ரிதே,
கூடை முட்டை ஏற்றியவள்போல்
ஒவ்வொரு முனையிலும் மெல்லத் திரும்பினாள்.

லூடிஸ் வந்து பார்த்தான்.
அவன் வீட்டு ஒயர் என் கணுக்கால் பருமன்,
விலை என் ஓராண்டு வாடகை.
"யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழாதே" என்றான்.
நான் வாங்கியது யானையில்லை, லூடிஸ்.
என் ஒயர்
எரிந்துபோன மேசைவிளக்கின் வால்.

முதல் இரவு
பாடகி என் தலைக்குப் பின்னால் எங்கோ நின்றாள்,
வண்டி போனபிறகு தெருவில் நிற்கும் தூசிபோல
பரவலாக, முகமில்லாமல்.
அறுபத்தெட்டும் கரைந்தது என்று படுத்தேன்.

விடிகாலை மூன்றரைக்கு, ஷிஃப்டுக்குக் காலணி மாட்டும்போது
உறைத்தது.
விளக்கு ஒயரில் இரண்டு இழையும் ஒரே பழுப்பு.
ஒரு பெட்டியில் மட்டும்
சிவப்புக்குப் போகவேண்டியது கறுப்புக்குப் போயிருக்கிறது.
ஒரு காலில் காலணியோடு மாற்றினேன்.
பெட்டிகளைச் சுவரிலிருந்து இரண்டு சாண் இழுத்தேன்.
முன்பு குடியிருந்தவர்கள் சுவரில் விட்டுப்போன கம்பளம்,
வருகிறவர்களெல்லாம் சிரிக்கும் அந்த மான் கம்பளம்
எதிரொலியை வாயில் கவ்விக்கொண்டது.
இன்னும் ஏதோ முனகியது.
ஃபிரிட்ஜ்.
பிளக்கைப் பிடுங்கினேன்.

அப்புறம் ஒலியைக் கூட்டாமல்,
கீழ்வீட்டுக்காரர் தூக்கத்தைத் தொடாமல்
காதும் காதும் வைத்தாற்போல் போட்டேன்.

இரண்டு பெட்டிக்கும் நடுவே நான் எதுவும் வாங்கவில்லை.
அங்கே நின்றது இஸ்திரிப் பலகை,
கொக்கியில் தொங்கிய என் சீருடைச் சட்டை.
சரியாக அந்தக் காலர் உயரத்தில்
ஒருத்தி மூச்செடுத்தாள்.
உதடு ஈரமாகும் சத்தம்.
அவளுக்கு இடப்புறம் யாரோ
நாற்காலியில் எடை மாற்றி உட்கார்ந்தார்கள்.

எழுந்து போய் அங்கே கை நீட்டிப் பார்த்தேன்.
சொல்ல வெட்கம்தான்.
நீட்டியதும் அவள் இல்லை,
திரும்பி வந்து உட்கார்ந்ததும் நின்றாள்.

மாலையில் வீடு திரும்பினால் பால் திரிந்திருந்தது.
பிளக்கை மாட்ட மறந்த விலை, ஒன்று நாற்பது.
அதையும் கணக்கில் எழுதினேன்:
அறுபத்தொன்பது நாற்பது.
மிச்சம் அறுபது சென்ட்.

அன்று முழுக்கக் கசங்கிய சட்டையில்தான் வண்டி ஓட்டினேன்.
ஸ்கைட்ரிதே கேட்டாள், இஸ்திரி என்னாச்சு என்று.
அங்கே ஆள் நின்றுகொண்டிருந்தது என்றேன்.