சேதம்: கையொப்பம்

இரும்பு கலந்த மையைக் காகிதம் நெடுநாள் தாங்காது.
ஸிஸ்கின்ட் பார்மட் அழுத்திப் போட்ட கையெழுத்து
தாளை அரித்து உதிர்ந்துவிட்டது.
இப்போது அவர் பெயர் ஓர் ஓட்டை.
ஜன்னலோரம் பிடித்தால்
வியன்னாவின் பனிவெளிச்சம்
அதன் வழியே எழுத்தெழுத்தாக வருகிறது.

யாஃபாவிலிருந்து ஒடெசா கமிட்டிக்கு,
1903, மார்ச்.
துனாம் என்ன விலை, கழுதை வாடகை, கொயினா மாத்திரை.
கிஷினேவின் பதினோரு குடும்பங்களும்
அடுத்த கப்பலில் வரலாமா என்றதற்கு
ஒரே சொல்: வரட்டும்.

உறையில் ஒடெசா முத்திரை, ஏப்ரல் பதினொன்று.
கிஷினேவில் அதற்குள் ஈஸ்டர் முடிந்திருந்தது.
தெருவெல்லாம் தலையணைப் பஞ்சு.

வரட்டும் என்பதற்கு மேல் வரியில்
'நிலம் காலி' என்று எழுதி, அடித்து,
ஓரத்தில் பொடியெழுத்தில்:
'கிணற்றடியில் ஒரு பெண் தண்ணீர் கொடுத்தாள்.
பெயர் கேட்கவில்லை.'
மை தீரும் நேரம் போல, மெல்லிய கோடு.
அதனால்தான் பிழைத்திருக்கிறது.

வியாழக்கிழமை ஏலம்.
கையொப்பம் சேதம் என்று விலையைக் குறைத்திருக்கிறார்கள்.
ஓட்டையை நிரப்பக் கூடாது, எங்கள் தொழிலில்.
பின்பக்கம் ஜப்பான் தாள் ஒட்டுகிறேன்,
கோதுமைப் பசையில்.

காயும் வரை யாரும் கதவைத் திறக்காதீர்கள்.